சமையற்கட்டு: குஸ்குஸ் – புட்டுக்கு ஒரு தூரத்து உறவு



பிரான்சுக்குப் புதிதாக வந்த நம் குடும்பங்களிற் பல, அல்ஜீரிய, மொரோக்கோ, துனிசியக் குடும்பங்கள் வாழும் மாடிக் கட்டடங்களிலேயே வீடு பெறுகின்றன. மாடிப்படியில் சந்தித்தால் ஒரு 'பொன்ஜூர்'. அதற்குமேல் பேச நமக்கு மொழி வராது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டிலிருந்து வரும் வாசனையை மட்டும் நன்றாக அறிவோம். அந்த வாசனை பெரும்பாலும் குஸ்குஸினுடையது. அதை வீட்டில் சமைப்பது எப்படி என்பதை இம்முறை பார்ப்போம்.

முதலில் ஒன்று. பெயரைக் கேட்டுக் கசகசா என்று நினைக்க வேண்டாம். இது கோதுமை ரவை. ரவையில் உப்புத் தண்ணீர் தெளித்து, மாத் தூவி, உள்ளங்கையால் வட்டமாக உருட்ட உருட்டச் சிறு மணிகளாகத் திரளும். அரிதட்டால் அரித்து, ஆவியில் அவிப்பார்கள். புட்டுக்கு மாக் குழைக்கத் தெரிந்த கைக்கு இது புதிய வேலையே அல்ல. பாத்திரமும் நமக்குத் தெரிந்ததுதான். கீழே குழம்புப் பானை, மேலே அடியில் துளைகளுள்ள பானை. அதில் மணிகள் அவியும். புட்டுப்பானையும் நீத்துப்பெட்டியும் செய்கிற அதே வேலை. வித்தியாசம் என்னவென்றால், நாம் வெறும் தண்ணீரின் ஆவியில் அவிக்கிறோம். அவர்கள் குழம்பின் ஆவியிலேயே அவிக்கிறார்கள். ஒரே அடுப்பில் சோறும் கறியும் ஆகிவிடும்.

மக்ரேப் நாடுகளில் கோதுமை அறுவடை முடிந்ததும் பெண்கள் ஒரு வீட்டில் கூடி, ஆண்டுக்குத் தேவையான குஸ்குஸை உருட்டிக் காயவைப்பது வழக்கம். நம் ஊரில் அயலவர் கூடி மா இடித்ததை நினைத்துப் பாருங்கள். தனியே செய்தால் கை உளையும், கூடிச் செய்தால் பொழுது போவது தெரியாது. அல்ஜீரியா, மொரோக்கோ, துனிசியா, மொரித்தானியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து, 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் குஸ்குஸைச் சேர்த்தன.

தேவையானவை (6 பேருக்கு): நடுத்தர மணிக் குஸ்குஸ் 500 கிராம், இரவே ஊறவைத்த கடலை 200 கிராம், வெங்காயம் 2, தக்காளி 3, கரட் 4, நவே 3, கோவா கால் பங்கு, கூர்ஜெட் 3, பூசணி அரைக் கிலோ, மஞ்சள் தூள், வேர்க்கொம்புத் தூள், மிளகுத் தூள் ஒவ்வொரு தேக்கரண்டி, கறுவா ஒரு துண்டு, கொத்தமல்லித் தழை ஒரு கட்டு, ஒலிவ் எண்ணெய், உப்பு, பட்டர் அல்லது நெய் 50 கிராம். விரும்பினால் ஆட்டிறைச்சி ஒரு கிலோ.

செய்முறை: கீழ்ப்பானையில் ஒலிவ் எண்ணெய் விட்டு வெங்காயத்தை வதக்கி, தூள்களும் கறுவாவும் தக்காளியும் சேருங்கள். இறைச்சி போடுவதானால் இப்போதே போடுங்கள். கடலையும் 3 லீற்றர் தண்ணீரும் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். பிறகு உப்புடன் கரட், நவே, கோவா. கால் மணி நேரம் கழித்துப் பூசணி, கூர்ஜெட், கொத்தமல்லி. எல்லாவற்றையும் பெரிய துண்டுகளாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் கரைந்துவிடும்.

குழம்பு கொதிக்கும்போதே மேல்வேலை. அகன்ற தட்டில் குஸ்குஸைக் கொட்டி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு கோப்பைத் தண்ணீரும் தெளித்துப் பிசறி, 10 நிமிடம் விடுங்கள். மேற்பானையில் போட்டு, ஆவி மணிகளுக்கு மேலே வரத் தொடங்கியதிலிருந்து 15 நிமிடம் அவியுங்கள். மூட வேண்டாம். மீண்டும் தட்டில் கொட்டி, கட்டிகளை விரலால் உதிர்த்து, உப்புத் தண்ணீர் தெளித்து, சற்று விட்டு இரண்டாம் முறை அவியுங்கள். இப்படி மூன்று முறை. கடைசியில் பட்டர் அல்லது நெய் சேர்த்து உதிருங்கள். இரண்டு பானைகளுக்கும் இடையால் ஆவி போனால், மாக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டுங்கள்.

கொதிநீர் ஊற்றி 5 நிமிடத்தில் ஆக்கும் பெட்டிக் குஸ்குஸும் கடைகளில் உண்டு. அது ஏற்கெனவே அவித்துக் காயவைத்தது. வேலைக்குப் போகும் நாளில் உதவும். விருந்துக்கு மூன்று முறை அவித்ததே பதம்.

நம் மிளகாய்த்தூளை இதில் போட வேண்டாம். மொரோக்கோ, அல்ஜீரியக் குழம்பு பெரும்பாலும் உறைப்பில்லாதது, தண்ணீராகவே இருக்க வேண்டும். துனிசியர் உறைப்பாகச் சமைப்பார்கள். உறைப்பு வேண்டியவர்கள் அரிஸா என்ற மிளகாய் விழுதைக் குழம்பில் கரைத்து ஊற்றிக்கொள்ளலாம். பாரிஸில் இருப்பவர்கள் லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு, பக்கத்திலுள்ள பார்பேஸ் சந்தைக்குப் புதன், சனி காலையில் போனால் மற்றவை கிடைக்கும்.

இனி, அவர்களை அழைப்பது பற்றி. நம் சைவ வீடுகளிற் பலவற்றில் வெள்ளிக்கிழமை மரக்கறி. அவர்களுக்கோ வெள்ளிக்கிழமை குஸ்குஸ் நாள். இறைச்சி போடாமல் ஏழு மரக்கறியுடன் செய்தால் இரு வீட்டாரும் ஒன்றாகச் சாப்பிடலாம். ஹலால் பற்றிய கேள்வியும் எழாது. நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் என்றால் அவர்கள் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். தங்கள் உணவிலும் விலக்கு உள்ளவர்கள், குறை நினைக்க மாட்டார்கள்.

ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுவது அவர்கள் மரபு. எச்சில் என்று தயங்குவோருக்கு ஒரு சொல்: ஒவ்வொருவரும் தமக்கு முன்னாலுள்ள பக்கத்தை மட்டுமே எடுப்பார்கள், அதுவும் வலக்கையால். அம்மா குழைத்துக் கையில் உருட்டித் தந்த குழையற் சோற்றைச் சுற்றியிருந்து உண்டவர்கள்தானே நாம்? இயலாவிட்டால் தனிக்கோப்பை கேளுங்கள், தருவார்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்? மொரோக்கோவுடனும் துனிசியாவுடனும் பிரான்ஸ் 1963இல் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. வந்த ஆண்களிற் பலர் தனியறைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்கள். குடும்பங்களை அழைத்துச் சேர்வதற்கான அரசாணை 1976இல்தான் வந்தது. கடிதத்துக்குக் காத்திருப்பது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுவது, புரியாத படிவத்தை நிரப்புவது எல்லாம் அந்த முதிய பெண்களிற் பலர் நமக்கு முன்னே கடந்த வழி. கணவன் இரவு வேலைக்குப் போய்விட, அறைக்குள் தனித்திருக்கும் நம் சகோதரிக்கு, அவசரத்தில் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவை முதலில் ஒரு நல்ல நாளில் தட்டிவைப்பது நல்லது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கோப்பைப் புட்டோடு போய், எப்படி அவித்தீர்கள் என்று கைகாட்டிக் கேளுங்கள். ஆவிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. செய்துபார்த்தவர்கள் எழுதுங்கள்.