கல்நார்த் தூசியும் கணக்குப் புத்தகமும்

"கட்டுப்பாட்டுடன் கூடிய பயன்பாடு" என்பது கல்நார் முதலாளிகளின் அகராதியில் மிக இனிய தொடர். இறக்குமதியைத் தொடர அனுமதிக்கும் நம் ஆட்சியாளர்களின் நிலைப்பாடும் இதன் மீதே நிற்கிறது. இத்தொடரின் மெய்ப்பொருளை அறிய ஒரு பிரேக் நிறுவனத்தின் வரலாறே போதும்.

1897இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் தொடங்கிய நிறுவனம் ஃபெரோடோ. உராய்வின் வெப்பத்தைத் தாங்கும் கல்நார், பின்னர் அதன் பிரேக் பட்டைகளின் மூலப்பொருளாயிற்று. 1920களின் நடுவில் டர்னர் அண்ட் நியூவால் என்னும் கல்நார்ப் பெருங்குழுமம் அதை விழுங்கியது.

அக்குழுமத்தின் ராச்டேல் ஆலையில் உழைத்த நெல்லி கெர்ஷா 1924இல், தமது 33ஆம் வயதில், நுரையீரலில் கல்நார்த் தூசி படிந்து மாண்டார். நிர்வாகம் நோயின் காரணத்தையே மறுத்தது. இழப்பீடும் தரவில்லை, ஈமச் செலவும் தரவில்லை. 1930இல் அரசின் ஆய்வே ஆபத்தை உறுதி செய்தது. 1931இல் வந்த விதிகளோ சில வேலைப்பிரிவுகளை மட்டுமே தொட்டன. கட்டுப்பாடு பிறந்தது, சாவு நிற்கவில்லை.

குழுமத்தின் உள் ஆவணங்கள் பெருமளவில் வெளிவந்தது எப்போது? தன் நியூயார்க் கட்டடத்துக்காகச் சேஸ் மன்ஹாட்டன் வங்கி வழக்குத் தொடுத்தபோது! தொழிலாளியின் நுரையீரல் திறக்காத கதவை வங்கியின் சுவர் திறந்தது. 1998இல் ஃபெடரல்-மோகல் இக்குழுமத்தை வாங்கியது. 2001இல் கல்நார் வழக்குகளின் சுமையால் திவால் பாதுகாப்புக் கோரியது. ஃபெரோடோ என்னும் வணிகப் பெயர் மட்டும் இன்றும் சந்தையில் வாழ்கிறது.

இது அயல்நாட்டுக் கதையன்று. மும்பை காட்கோபரில் ஹிந்துஸ்தான் ஃபெரோடோ இயங்கியது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. மருத்துவப் பதிவுகளை 40 ஆண்டுகள் காக்கவும் ஆணையிட்டது. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதே காரணம். பிரிட்டன் 1999இல் வெண்கல்நாரையும் தடை செய்தது. இந்தியாவோ 1986 முதல் புதிய சுரங்கக் குத்தகைகளை நிறுத்திவிட்டு, இறக்குமதிக்கு வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. சொந்த மண்ணில் தோண்டினால் நஞ்சு, கப்பலில் வந்தால் சரக்கா?

"பிசினில் பிணைந்த இழை வெளியேறாது" என்பர். பட்டையைத் துளையிடும்போதும், தேய்க்கும்போதும், தேய்ந்த டிரம்மைக் காற்றடித்துத் துடைக்கும்போதும் பறப்பது என்ன? சாலையோரப் பட்டறையில் அதைச் சுவாசிப்பவன் எந்தப் பதிவேட்டில் இருக்கிறான்? மின்விசையில் இயங்கும் தொழிற்சாலை என்பதற்கான வரம்பை 10 தொழிலாளரிலிருந்து 20ஆக உயர்த்திய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், இத்தகைய சிறு பட்டறைகளை மேலும் இருளில் தள்ளுகிறது.

மாற்று இல்லை என்பதும் பொய். அராமிட், எஃகு இழைகள் கொண்ட பிரேக் பட்டைகள் நெடுங்காலமாகவே உள்ளன. எனவே நம் கோரிக்கை "பாதுகாப்பான" கல்நார் அன்று; முழுத் தடை, பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் மருத்துவப் பரிசோதனை, இழப்பீடு. தொழிற்சங்கங்கள் இதைப் பட்டறை வாயில்தோறும் கொண்டு செல்லட்டும். இலாபம் தானாக நிற்பதில்லை. அதற்குப் பிரேக் போடும் வலிமை அணிதிரண்ட தொழிலாளி வர்க்கத்துக்கே உண்டு.