கல் பதிக்கும் முன் கட்டிங் மெஷினைப் பாருங்கள்

மளிகையும் மண்டியும் நடத்துகிறவர்களுக்குக் கல் வெட்டும் மெஷினைப் பற்றி என்ன பேச்சு என்று சில அன்பர்கள் கேட்கலாம். இன்று கடைவீதி என்றாலே பேவர் பிளாக் என்றாகிவிட்டது. கடை வாசல், லாரி நிற்கும் இடம், குடோன் முற்றம் என்று பல ஊர்களில் வியாபாரிகளே பணம் போட்டுப் பதிக்கிறார்கள். பணம் போடுகிறவர்கள் கல்லின் நிறத்தைக் கேட்கிறார்கள், சதுர அடி விலையைக் கேட்கிறார்கள். எதைக் கொண்டு வெட்டப் போகிறீர்கள் என்று கேட்பவர் மிகக் குறைவு.

நமது மண்டித் தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் வேலை தொடங்கியது. நடுப்பகுதி முழுவதும் நான்கே நாளில் முடிந்தது. இருபுறமும் சாக்கடை ஓரத்தை வெட்டிச் சேர்க்கும்போது மெஷின் நின்றுவிட்டது. அது பேர் தெரியாத கம்பெனி மெஷின். உதிரிப் பாகம் உள்ளூரில் இல்லை. பதினோரு நாள் பலகை போட்டு அதன் மேல் நடந்து சர்க்கரை மூட்டை இறக்கினோம். சில்லறை வாடிக்கையாளர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். வெட்டும் மெஷின் ஒன்று நின்றால் தெருவே நின்றுவிடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஓரம் வெட்டுவது சின்ன வேலைதானே, கொத்தனார் கையில் உள்ள 4 இஞ்ச் மார்பிள் கட்டர் போதாதா என்பார்கள். போதாது. ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தர நிர்ணயம் (2006), சிறிய, நடுத்தரச் சந்தைச் சாலைகளுக்கு 80 மி.மீ. கனமுள்ள, எம்.40 தரக் கல்லைச் சொன்னது. 4 இஞ்ச் கட்டர் ஒரு பக்கம் வெட்டும் ஆழம் சுமார் 34 மி.மீ. திருப்பிப் போட்டு மறுபக்கம் வெட்டினாலும் நடுவில் 12 மி.மீ. மிஞ்சும். அதைச் சுத்தியலால் தட்டி உடைப்பார்கள். விளிம்பு பிய்ந்துபோகும், இடைவெளி அகலமாகும், மழையில் அந்த வழியாக மணல் கரையும். அடுத்த ஆண்டு தள்ளுவண்டிச் சக்கரம் இறங்குகிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

இதற்கென்று உள்ளது 12 இஞ்ச் அல்லது 14 இஞ்ச் பிளேடு போட்ட பவர் கட்டர். 14 இஞ்ச் என்றால் அதில் பாதி, 7 இஞ்ச் ஆழம் வெட்டும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. பிளேடைப் பிடிக்கும் வாஷர் நடுவில் இடம் எடுத்துக்கொள்வதால் வெட்டுவது சுமார் 125 மி.மீ., அதாவது 5 இஞ்ச்தான். 12 இஞ்ச் பிளேடில் சுமார் 100 மி.மீ. நமது தெருக்களுக்கு இதுவே தாராளம். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளின் மெஷின்கள் இங்கே கிடைக்கின்றன. (ஹஸ்க்வர்னா 1689-இல் சுவீடனில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி!) ஸ்டில் டி.எஸ். 420 மாடலில் 66.7 சி.சி., ஹஸ்க்வர்னா கே. 770 மாடலில் 74 சி.சி. எஞ்சின். எடை ஏறத்தாழ 10 கிலோ. இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்பது நமது வாதம் அல்ல. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மூன்று சாமான்களைக் கேளுங்கள்: பெல்ட், ஏர் பில்டர், ஸ்டார்ட்டர் கயிறு. மூன்றும் உங்கள் ஊரிலோ, பஸ்ஸில் ஒரே நாளில் போய் வரும் தூரத்திலோ அசலாகக் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் மெஷின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மண்டியில் சரக்கு எடுக்கும்போது நாளைக்கும் இந்தச் சரக்கு வருமா என்று கேட்காமல் நாம் எடுப்பதில்லை அல்லவா?

நல்ல மெஷினும் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். கல் தூள் பில்டரைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டன் தேய்ந்துவிடும். மற்றொன்று ஆயில். இவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பெரும்பாலானவற்றுக்கு 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். சைட்டில் பையன் கண்ணளவில் ஊற்றுவான். குறைந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், கூடினால் புகையும். அளவு போட்ட குப்பி ஒன்று கூடவே இருக்கிறதா என்று பார்த்தாலே அந்த ஒப்பந்தக்காரரின் தரம் தெரிந்துவிடும்.

பிளேடிலும் ஏமாற்று உண்டு. பிளேடில் அச்சிட்ட சுழற்சி வேகம் மெஷினின் வேகத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், குறைந்தால் தெறிக்கும். கிரானைட் ஓரக்கல்லுக்கு ஒரு வகை, கான்கிரீட் பிளாக்குக்கு வேறு வகை. இரண்டுக்கும் ஒன்றே போதும் என்பவர் நமது செலவில் பிளேடைத் தேய்க்கிறவர்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். தண்ணீர்க் குழாய் இல்லாத மெஷினைத் தெருவுக்குள் விடக் கூடாது. உலர வெட்டினால் எழும் வெள்ளைப் புகை வெறும் தூசி அல்ல. கான்கிரீட்டிலும் கிரானைட்டிலும் உள்ள சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத துகளாகி நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வருகிற சிலிகோசிஸ் நோய்க்கு இன்றும் குணப்படுத்தும் மருந்து கிடையாது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொழில் நோய்களில் இதையும் சேர்த்தது. அமெரிக்காவில் 2016-இல் வந்த விதி, கையில் பிடிக்கும் இத்தகைய மெஷினுக்குத் தண்ணீர் வசதியைத்தான் முதல் வழியாகச் சொல்கிறது. பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நிமிடத்துக்கு அரை லிட்டராவது தண்ணீர் பிளேடின் மேல் விழ வேண்டும், அவ்வளவுதான். வயலில் மருந்து அடிக்கிற மாதிரி அழுத்தத் தொட்டி 10 லிட்டரில் இருந்தால் 20 நிமிடம் ஓடும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டுகிற பையன்களைப் பார்க்கிறோம். துண்டு இந்தத் துகளை நிறுத்தாது; என்.95 முகமூடி வேண்டும். அந்தப் பையன் நம்மிடம் கூலி வாங்குகிறவன் அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆள் என்று ஒதுங்குவது நியாயமாகத் தோன்றவில்லை. வேலை நம்முடையது.

நமது சரக்கையும் பாருங்கள். வாய் திறந்த துவரம் பருப்பு மூட்டை, சர்க்கரை, ரவை எல்லாவற்றின் மீதும் அந்தத் தூள் படியும். தண்ணீர் விட்டு வெட்டினால் சேறு வரும். அதை அன்றே வழித்து அள்ள வேண்டும். காய்ந்தால் மறுபடி தூசிதான். சாக்கடையில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும்.

குடோனுக்குள் தரை வெட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் மெஷினை உள்ளே ஓட்ட விடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாசனை கிடையாது. அங்கே கரண்ட் மெஷின் சரி. ஆனால் தண்ணீரும் கரண்டும் சேரும் இடம் என்பதால், தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்த மெஷினாக இருக்க வேண்டும். கசிவு ஏற்பட்டதும் விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வழியாகத்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும்.

சங்கமே ஒரு மெஷின் வாங்கி வைக்கலாம் என்று சில உறுப்பினர்கள் சொல்கிறார்கள். ஒரு தெருவுக்காக வாங்குவது வீண். ஆண்டுக்கு இரண்டு நாள் ஓடி மீதி நாள் மூலையில் கிடக்கும் எஞ்சினில் பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துவிடும். நல்ல மெஷின் வைத்திருப்பவரிடம் வேலை கொடுப்பதே மேல். அடுத்து மேற்கு வீதிக் கடைகளுக்குக் கொட்டேஷன் வாங்கும்போது நான்கு வரிகளைச் சேர்க்கும்படி சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்: மெஷினின் கம்பெனியும் மாடலும், தண்ணீர் வசதி உண்டா, மெஷின் நின்றால் எத்தனை மணி நேரத்தில் மாற்று வரும், அன்றாடச் சேற்றை அள்ளுவது யார். இந்த நான்கும் எழுதாத கொட்டேஷன், சதுர அடிக்கு ஐந்து ரூபாய் குறைவாக இருந்தாலும் கமிட்டியில் எடுத்துக்கொள்ளப்படக் கூடாது.