சூரியனை நம்பிச் சொன்ன ஆரூடம்

சூரியன் சீறினால் பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளும் சீறும். அடங்கினால் அவையும் அடங்கும். ஆகவே சூரியப் புள்ளிகள் அருகிய ஆண்டுகளில் செயற்கைக்கோள்களுக்குப் பயமில்லை, கண்காணிப்புச் செலவைக் குறைக்கலாம். சென்ற இதழ்க் கட்டுரை சொல்வது இவ்வளவுதான். உள் பட்டை வேறு, வெளிப் பட்டை வேறு என்று பயனியர் 3 விண்கலம் 1958 டிசம்பரிலேயே காட்டிவிட்டது. அந்தச் சேதி கட்டுரையாளரை இன்னும் எட்டவில்லை.

முதலில் உள் பட்டை. அங்கே ஆட்சி செய்பவை அதிக ஆற்றல் கொண்ட புரோட்டான்கள். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது தெறிக்கும் நியூட்ரான்கள் சிதைந்து பிறப்பவையே அவற்றில் பெரும்பகுதி. சூரியன் உச்சத்தில் இருக்கும்போது அதன் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களை ஓரளவு தடுத்துவிடுகிறது, வரவு குறைகிறது. மேல் வளிமண்டலமும் சூடேறி விரிந்து, பட்டையின் கீழ்விளிம்பில் உள்ள புரோட்டான்களை விழுங்குகிறது, செலவு கூடுகிறது. ஆக, புள்ளிகள் மிகுந்தால் அங்கே புரோட்டான் குறையும். கட்டுரையாளரின் விதி இங்கே தலைகீழாக நிற்கிறது.

வெளிப் பட்டையாவது அவரைக் காப்பாற்றுமா? 1989 முதல் 2000 வரையிலான 276 புவிக்காந்தப் புயல்களை ஆய்வாளர் ரீவ்ஸின் குழுவினர் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் புயல்களில்தான் எலெக்ட்ரான்கள் பெருகின. ஐந்தில் ஒரு பங்கில் குறைந்தன. மீதியில் பெரிய மாற்றமே இல்லை. அடைமழை ஏரியை நிரப்பவும் செய்யும், கரையை உடைக்கவும் செய்யும். ஒரே புயல் பிளாஸ்மா அலைகளால் எலெக்ட்ரான்களை முடுக்குகிறது; காந்தமண்டலத்தின் எல்லையை உள்ளே நெருக்கி அவற்றை வெளியே கொட்டவும் செய்கிறது. எது மிஞ்சும் என்பதைப் புள்ளிகளை எண்ணிச் சொல்ல முடியாது.

2024 மே மாதப் புயல் தற்காலிகமாகப் புதிய பட்டைகளை உருவாக்கியதை அவர் பெருமையோடு சாட்சிக்கு அழைக்கிறார். உண்மைதான். ஆனால் ஒரு புயல் விதியாகிவிடாது. “சராசரியைச் சொன்னேன்” என்று தப்பிக்கவும் வழியில்லை. வெளிப் பட்டை எலெக்ட்ரான்கள் சராசரியாக மிகுவது சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சியின் உச்சத்தில் அல்ல, அது இறங்கும் ஆண்டுகளில். கொரோனா துளைகளிலிருந்து அதிவேகச் சூரியக் காற்று திரும்பத் திரும்ப வீசும் காலம் அது.

அதன் விலையைக் கனடா அறியும். 1994 ஜனவரி 20 அன்று அனிக் ஈ1, அனிக் ஈ2 செயற்கைக்கோள்கள் அடுத்தடுத்து நிலைதடுமாறின. ஈ1 சில மணி நேரத்தில் மீண்டது. ஈ2-ஐ மீட்கப் பல மாதம் பிடித்தது. பெரும் சூரிய வெடிப்பு ஏதும் அதற்குக் காரணமில்லை. அதிவேகக் காற்றால் நாள்கணக்கில் பெருகிய எலெக்ட்ரான்கள் உள்ளே ஊடுருவி, மின்னேற்றம் சேர்த்து, மின்சுற்றைத் தாக்கின. கட்டுரையாளரின் கணக்கில் அது சூரியன் அடங்கிவந்த, அச்சமற்ற ஆண்டு!

எந்தப் பட்டை, எந்தத் துகள், சுழற்சியின் எந்தக் கட்டம்? இம்மூன்றையும் கேட்காமல் சொல்லப்பட்ட சிக்கன யோசனையை, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் வைத்திருக்கும் எந்த நாடும் காதில் வாங்கக் கூடாது.