ஒத்தை ஆடு வளர்க்காதீங்க

போன வருஷம் சேலம் பக்கம் ஒரு சந்தையில மேச்சேரி இனத்து செம்மறிக் குட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். வளர்க்கத்தாங்க, பிரியாணிக்கு இல்ல :-) பால் மறந்த மூணு மாசக் குட்டி.

முதல் ராத்திரி முழுக்க ஒரே கத்தல். பசின்னு நினைச்சு, மிச்சமிருந்த சோத்தை வயிறு முட்ட வெச்சேன். மறுநாள் வயிறு உப்பி, பல்லைக் கடிச்சுக்கிட்டு படுத்திருச்சு. வந்து பார்த்த கால்நடை மருத்துவர் என்னைத்தான் முறைச்சார். அசைபோடுற வயிறு புல்லுக்கும் இலைக்கும் பழகினது. திடீர்னு நிறைய சோறோ தானியமோ உள்ளே போனா அமிலம் பெருகி உசுரையே எடுத்துடுமாம். குட்டி பிழைச்சது என் அதிர்ஷ்டம்.

கிளம்புறப்ப அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துது: "அது பசிக்கு கத்தலை சார், துணைக்கு கத்தியிருக்கு. ஏன் ஒத்தையா வாங்குனீங்க?"

செம்மறி மந்தையா வாழுற பிராணி. தனியா விட்டா பயந்துக்கிட்டே இருக்கும். நாய் மாதிரி நம்மகூட ஒட்டிக்கும்னு நினைக்கிறது நம்ம ஆசை, அவ்வளவுதான். அடுத்த வாரமே இன்னொரு குட்டி வாங்கினேன். அன்னிக்கு ராத்திரிதான் கத்தல் நின்னுச்சு.

குடற்புழு மருந்து, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி தடுப்பூசி, குளம்பு வெட்டுறது எல்லாம் போகப்போக கேட்டு கத்துக்கலாம். ஆனா ரெண்டு ஆட்டுக்கு இடமும் காசும் இல்லைன்னா ஒண்ணுகூட வாங்காதீங்க மக்களே. ஒத்தையா கட்டிப்போட்டுட்டு அதை செல்லம்னு சொல்றது நியாயமா? நீங்களே சொல்லுங்க.