பழைய புடவையில் ஒரு பொம்மை

கிழிந்த நூல் புடவை பெட்டியில் கிடக்கிறதா? பாத்திரக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். என் ஒன்றரை வயதுச் சின்னவளுக்கு அதில்தான் பொம்மை தைத்தேன். சாயம் போகிறதா என்று நாலைந்து தடவை அலசிப் பார்த்துக்கொண்டேன், குழந்தை சப்புமே! உள்ளே அடைக்கத் துணி நறுக்குகளே போதும். (இலவம் பஞ்சு என்றால், தையல் விட்டதும் வீடெல்லாம் பறக்கும்!)

"கண்ணுக்கு ரெண்டு கறுப்புப் பொத்தான் வெச்சுடேன், லட்சணமா இருக்கும்" என்றார் மாமியார்.

"லட்சணம் கிடக்கட்டும் அம்மா, பிய்ச்சு வாயிலே போட்டுக்குவாளே!"

3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொத்தானும் மணியும் எமன்தான், மூச்சுக்குழாயை அடைத்துவிடும். அதனால் கண், மூக்கு, வாய் எல்லாமே நூலால் சங்கிலித் தையல். ஓரங்களுக்கு மட்டும் இரட்டைத் தையல் போடுங்கள். வாரம் ஒருமுறை துவைத்து, நல்ல வெயிலில் உள்ளே அடைத்த துணிவரை காயவிடுங்கள்.

மாமியார் இப்போது தம் பழைய சுங்குடியில் பொம்மைக்குப் பாவாடை தைக்கிறார். நாடா வைக்காமல்தான்!