முதலில் பேனாவைப் பாருங்க

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேரைத் தங்கச்சி போனில் விரலால கீறுவாள். ஓ.எல். முடிஞ்சதும் ஒரு டேப் வாங்கிக் குடுப்போம் என்று அம்மா சீட்டுக் காசை எடுத்து வைத்தார். கடைகளில் காட்டினதெல்லாம் பெரிய திரை, கூடின மெமரி. பேனாவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை.

என்னைக் கேட்டால், கீறுறதுக்கு வாங்கும்போது பேனாவில இருந்துதான் தொடங்க வேணும். அழுத்தினால் கோடு தடிக்கணும், மெல்லத் தொட்டால் மெலியணும். பெரிய பெயரை மட்டும் நம்பவும் ஏலாது. 2023இல் வந்த யூ.எஸ்.பி.-சி ஆப்பிள் பென்சிலுக்கே இந்த அழுத்தம் தெரியாது. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட்டில் அழுத்தம் அறியும் பேனா பெட்டியோடயே வரும். அதுக்குச் சார்ஜும் தேவையில்லை. போட்டோ திருத்த ஸ்னாப்சீட், கீற ஐபிஸ் பெயின்ட், ரெண்டையும் காசில்லாமல் பாவிக்கலாம். புரோகிரியேட்தான் வேணுமென்றால் ஐபேட் தவிர வழியில்லை.

இன்னொன்று, பரிசுதானே என்று ஒளிச்சு வாங்காதீங்க. கீறப்போற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேனாவை அவள் கையில குடுங்க. நாங்கள் அப்படித்தான் செய்தோம். தங்கச்சி எடுத்தது விலை குறைஞ்சதை. மிஞ்சின காசில் ஒரு உறையும் வாங்கினோம்.