சோம்பலா, சோர்வா?

பள்ளிக்கூடம் போகும் வயசுப் பெண்ணோ பிள்ளையோ பகலிலும் படுத்தே கிடந்தால், "உடம்பு வணங்கலே, வேறென்ன!" என்று சொல்லிவிடுகிறோம். ரத்த சோகையா, தைராய்டா என்று பரிசோதித்து, "ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்ன பிறகும் குழந்தை எழுந்திருக்கவில்லை என்றால்?

நாட்பட்ட சோர்வு நோய் என்று ஒன்று உண்டு, சகோதரிகளே. பாசாங்கு இல்லை, நிஜமான நோய். பலருக்கு ஏதோ ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஆரம்பிக்கிறது. தூங்கி எழுந்தாலும் அசதி போகாது. ஒருநாள் ஓடியாடினால் அடுத்த நாளோ, மறுநாளோ துவண்டு விழும்.

லண்டனில் இருக்கும் என் ஓர்ப்படியின் மகளுக்கு 14 வயதில் இது வந்தது. "எழுந்திருடி" என்று அம்மா விரட்ட, "பாவம், விடு" என்று அப்பா தடுக்க, வீட்டில் தினம் சண்டை. அங்கே மூவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார்கள். முதல் நாள் பெண் சொன்னது இதுதான்: "என்னை நம்பறீங்களான்னு மட்டும் சொல்லுங்க." அப்பாவும் அம்மாவும் வாயடைத்துப் போனார்களாம்.

பிறகு மூவருமாகப் பேசி வழக்கம் ஏற்படுத்திக் கொண்டார்கள். தூங்கவும் எழவும் ஒரே நேரம். தெம்பான நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக் கொள்ளக்கூடாது. டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி, முதலில் அரை நாள் பள்ளி. அப்பா, அம்மா இருவருக்கும் ஒரே பேச்சு.

இந்தப் பேச்சு வைத்தியத்தை லண்டன் கிங்ஸ் காலேஜில் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். 11 முதல் 18 வயது வரை 63 பேர். ஒரு சாராருக்குக் குடும்பத்தோடு 13 முறை பேச்சு. மற்றவர்களுக்கு நோயைப் பற்றி 4 முறை விளக்கம். சிகிச்சை முடிந்தபோது முதல் சாரார் பள்ளிக்கு அதிகம் போனார்கள். ஆனால் 6 மாதம் கழித்துப் பார்த்தால் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றாகவே தேறியிருந்தார்கள்.

ஆகவே இதை மந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். பேச்சு, நோயைச் சமாளிக்க உதவுமே தவிர, குணப்படுத்தும் மருந்தல்ல என்று பிரிட்டனின் 2021 மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. முடியாத குழந்தையை நாளுக்கு நாள் கூட்டிக் கூட்டி உடற்பயிற்சி செய்ய வைக்கவும் வேண்டாம் என்கிறது.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தை மனம் ஒடிந்து தெரிந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில், "இன்னிக்கு உன்னால எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். அது சொல்லும் பதிலை நம்புங்கள். வீட்டுக்காரரையும் நம்பச் சொல்லுங்கள்.